புஷ்பலதா டீச்சர் வாயை மூடிய கதை

புஷ்பலதா வாயைத் திறந்தால் சேலையூரில் அவள் பள்ளி இருக்கும் தெருவே திரும்பிப் பார்க்கும். இதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், பெருமையாகத் தலையாட்டுவாள். பின்னே? கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அம்மாவோடு நாவலூர்த் தெருக்களில் மீன் விற்றவள். கூடை அம்மா தலையில், கூவுகிற வேலை மகளுக்கு. அவள் ஒரு கூவல் கூவினால், மூன்றாவது மாடியில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவன்கூட அலறிப்புடைத்து எழுந்து பாத்திரத்தோடு இறங்கி வருவான்.

பன்னிரண்டாவது முடித்ததும் யாரோ சொன்னார்கள் என்று சிறப்புப் பள்ளி ஆசிரியைக்கான டிப்ளமோவில் சேர்ந்தாள். அங்கேயும் அந்தக் குரல்தான் சோறு போட்டது. எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காத வகுப்பில் புஷ்பலதா வாயைத் திறந்தால் நாலு தலையாவது திரும்பும். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது, சேலையூர் மாடி வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நடக்கும் சின்னச் சிறப்புப் பள்ளியில். அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவள் பாடம் என்பதே பேச்சுதான். "பல்லு தேச்சியாடா? இன்னா டிபன்? இட்லியா? யாரு ஊட்டுனது? அம்மாவா? சட்டையில சட்னி கீது பாரு!" பதில் வரும் வராது, அதைப் பற்றிக் கவலையே இல்லை. இவளே கேட்பாள், இவளே பதில் சொல்வாள், இவளே சிரிப்பாள். பிள்ளைகளும் சிரிக்கும்.

இந்த மகராசியைத்தான் தலைமை ஆசிரியை ஜெரூஷா ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

நகரத்துக்குள் ஏசி ஹால், மேடையில் மடிக்கணினியோடு ஒரு மேடம். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பட அட்டை கொடுத்துக் கேட்கப் பழக்குகிற முறை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிக்கணும், அதன் படத்தை அட்டையாக்கணும். பிள்ளை அந்த அட்டையை எடுத்து எதிரே இருப்பவர் கையில் வைத்தால் அந்தப் பொருளை அந்த நொடியே கொடுத்துவிடணும். பின்னாலிருந்து இன்னொருவர் பிள்ளையின் கையைப் பிடித்து வழிகாட்டுவார். பல இடங்களில் ஆராய்ச்சி செய்து, பலன் உண்டென்று பார்த்த முறை என்று மேடம் சொன்னார். புஷ்பலதாவும் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து ஒரு வரி வந்தது பாருங்கள்.

"முக்கியமான விஷயம், பிள்ளை அட்டையைக் கொடுக்கும்வரை நீங்க யாரும் வாயே திறக்கக்கூடாது. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா, நீங்க கேக்கட்டும்னு பிள்ளை காத்துக்கிட்டே இருக்கும். தானா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது."

புஷ்பலதாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றாள். "மேடம், ஒரு புள்ளைக்கு முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர்னா மத்த புள்ளைங்கள யாரு பாக்குறது? என் கிளாசுல நானும் ஒரு ஆயாவும்தான்."

"நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

தாம்பரம் வரும்வரை ரயிலில் பொருமிக்கொண்டே வந்தாள். ஆளில்லாத கஷ்டம் எப்போதும் இருப்பதுதான், அதை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அவளை அரித்தது வேறு. அப்போ இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசினாளே, அதெல்லாம் வீணா? அதற்கும் மேலே, பிள்ளைகளுக்குக் கெடுதலா? வீட்டுக்கு வந்து கணவன் துரையிடம் கொட்டினாள். துரை தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். முழுதும் கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உன்ன வாய மூடச் சொன்னாங்களா? யாரும்மா அந்த மகராசி? அட்ரஸ் குடு, நாளைக்கே ஒரு மால வாங்கிக்கினு போறேன்."

"சிரிக்காதய்யா, எனக்கு வயிறு எரியுது."

எரிச்சலோடு எரிச்சலாக அந்த முறையை மெஹ்ரீனிடம்தான் முதலில் முயன்றுபார்க்க வேண்டியிருந்தது. மெஹ்ரீனுக்கு எட்டு வயது. பேச்சு கிடையாது. விரலை நீட்டிக் காட்டவும் மாட்டாள். உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடது மணிக்கட்டில் மட்டும் பல் பதிந்த தழும்புகள், பழசின் மேல் புதுசாக. வீட்டில் திடீர் திடீரென்று கையைக் கடித்துக்கொண்டு அலறுவாளாம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பா கலீல் பல்லாவரத்தில் ஜிஎஸ்டி ரோட்டிலேயே கார் சீட் கவர் கடை வைத்திருப்பவர். கை நீட்டி வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத மனுஷன். நோன்பு மாதம் வந்தால் தெருவுக்கே கஞ்சி ஊற்றுவார். மகளைச் சேர்த்த அன்றைக்கே சொன்னார்: "டீச்சர், இது வேணும் அது வேணும்னு இவ வாயத் தொறந்து கேக்குற மாதிரி நாங்க வெச்சதே இல்ல. மூஞ்சிய பாத்தே குடுத்துடுவோம்." சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை நிறைவு. உண்மைதான். பசிக்கும் முன்னே சோறு, தாகம் வரும் முன்னே பால் என்று மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள்.

அங்கேதான் புஷ்பலதாவின் பாடு திண்டாட்டமானது. பிள்ளைக்கு எதன்மேல் ஆசை என்று தெரிந்தால்தானே அட்டை செய்ய முடியும்? பிஸ்கட் வைத்தாள், மெஹ்ரீன் திரும்பவில்லை. சோப்பு நுரைக் குமிழி ஊதினாள், விளக்கு எரியும் பந்தை உருட்டினாள். ஊஹூம். போனில் பாட்டுப் போட்டாள், அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எல்லாம் வேண்டுமட்டும் கிடைத்த பிள்ளை எதைத்தான் கேட்கும்?

இதில் கங்கம்மா ஒரு பக்கம். ஆயா கங்கம்மாவுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர், பேச்சில் புஷ்பலதாவுக்குத் தங்கச்சி. "எட்றா கண்ணு, எடு தங்கம், டீச்சர் கைல குடு பாப்போம்!" என்று பின்னாலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். பேசக்கூடாது கங்கம்மா என்றால், "நான் எங்கக்கா பேசுனேன், சும்மா சொன்னேன்" என்பாள். கடைசியில் வாயில் ஒரு முழு நெல்லிக்காயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளை அந்த நேரத்துக்கு ஜெரூஷா தன் அறைக்கு அழைத்துக்கொண்டு மேளம் தட்டவைத்தார். ஏற்பாடெல்லாம் ஒருவழியாக நடந்தது. கேட்க வேண்டிய பிள்ளைதான் எதையும் கேட்கவில்லை.

புஷ்பலதாவும் பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்தாள். வகுப்பு வெறிச்சென்று போனது. முன்பெல்லாம் பள்ளியில் அழாத மெஹ்ரீன் இப்போது இங்கேயும் சிணுங்கத் தொடங்கினாள். ஒருநாள் மணிக்கட்டு வாய்க்குப் போயே விட்டது.

மறுநாள் கலீலே நேரில் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா டீச்சர், அட்டைய குடுத்துக் கேட்டாத்தான் பிஸ்கட்டா? என் பொண்ண கைநீட்டப் பழக்குறீங்களா? நான் ஊருக்கே குடுக்குறவன். என் கொழந்த கைநீட்டி வாங்கித் துண்றதா? அதுவும் இப்ப ஸ்கூல்லயும் கடிச்சிக்கிறா. நோன்பு வர்ற வரைக்கும் பாப்பேன். அப்பறம் புள்ள வூட்லயே இருக்கட்டும். நாங்க பாத்துக்குறோம்."

"அப்பிடி இல்ல பாய், கேக்கத் தெரிஞ்சா…"

"எங்க வூட்ல கேக்க வேண்டிய அவசியமே இல்லன்றேன்!"

அவர் போனபிறகு புஷ்பலதா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டிலேயே இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அப்படி வீட்டோடு போன பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அன்பாகத்தான் வைத்திருப்பார்கள், ஒரு குறையும் இருக்காது. ஆனால் பதினெட்டு வயதிலும் அந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் சொல்ல ஒரு வழி இருக்காது.

"பழையபடியே பேசுங்க டீச்சர். யாரு பாக்கப் போறாங்க?" என்றார் ஜெரூஷா, பாவமாக.

"இல்ல மேடம். நோன்பு வரைக்கும் டைம் குடுத்துருக்காரு இல்ல? பாத்துடலாம்."

அந்த வாரத்திலேயே அது நடந்தது. மத்தியானம், வராந்தாவில் கங்கம்மா டிபன் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். உள்ளே வறுத்த சங்கரா. எங்கிருந்தோ ஒரு காக்கா இறங்கி மீனைக் கவ்வியது. புஷ்பலதாவுக்கு முறையும் மறந்தது, மேடமும் மறந்தது. எத்தனையோ நாள் அடக்கிவைத்த தொண்டை, நாவலூரே அதிரக் கூவிய அதே தொண்டை, "ஏய்ய்ய்ய்! மீனேய்ய்ய்!" என்று ஒரே கத்து.

காக்கா மீனைப் போட்டுவிட்டுப் பறந்தது. புஷ்பலதா நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். பின்னால் மெஹ்ரீன் நிற்கிறாள். உட்காரவைத்த இடத்தை விட்டுத் தானாக எழாத பிள்ளை வராந்தா வரை வந்து நிற்கிறது! கிட்டே வந்து, கையைத் தூக்கி, புஷ்பலதாவின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

புஷ்பலதாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மெல்ல, பயந்துகொண்டே கூவினாள்: "மீனேய்ய்ய்! வஞ்சிரம், வவ்வாலு, நெத்திலியேய்ய்!"

மெஹ்ரீன் சிரித்தாள். சத்தமாக, வயிறு குலுங்க.

அடிப் பாவி! இதுதானா உனக்குப் பிடிச்சது? பிஸ்கட்டும் இல்லை, குமிழியும் இல்லை, என் குரலா? நான் அதை மூடிவைத்துவிட்டேன் என்றுதான் அழுதாயா? புஷ்பலதாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. பயிற்சி கொடுத்த மேடம் சொன்னதும் சரிதான், இவள் தொண்டையும் வீண் இல்லை. கேட்காமலே அள்ளி இறைத்ததுதான் தப்பு. இனி கேட்டால் கொடுக்கணும். அவ்வளவுதானே விஷயம்!

சாயங்காலமே வாயைப் பிளந்து நின்று, தன்னைப் படம் எடுக்கும்படி கங்கம்மாவிடம் சொன்னாள். ஜெராக்ஸ் கடையில் அதை அட்டையாக்கி லேமினேட் பண்ணியாயிற்று. கடைக்காரன் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாக்கா, பல் டாக்டருக்கா?" என்றான்.

மறுநாள் கங்கம்மா நெல்லிக்காயோடு பின்னால் உட்கார்ந்தாள். மெஹ்ரீனின் கையை அட்டைமேல் வைத்தாள். அட்டை புஷ்பலதாவின் கைக்கு வந்த நொடி, "மீனேய்ய்ய்!" பிள்ளைக்குச் சிரிப்பு. மறுபடி அட்டை, மறுபடி கூவல். கங்கம்மா கையை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே வந்தாள். ஒருநாள் கை இல்லாமலே அட்டை வந்தது. அன்றைக்குக் கங்கம்மா நெல்லிக்காயை விழுங்கிவிட்டு இருமியதில் ஜெரூஷா அறையில் இருந்த பிள்ளைகள்கூடப் பயந்துபோயின. இன்னொரு நாள் மெஹ்ரீன் பள்ளி முழுக்க அட்டையோடு தேடி, ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த புஷ்பலதாவைக் கண்டுபிடித்துக் கையில் திணித்தாள். ஆபீசிலேயே கூவ வேண்டியதாயிற்று. "அமைதியான முறைன்னு சொன்னாங்களே டீச்சர்!" என்று ஜெரூஷா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு மற்ற அட்டைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஊஞ்சல், தண்ணீர், பாத்ரூம். கடைசியாக ஒன்று, கங்கம்மாவின் உள்ளங்கையைத் தடுப்பதுபோல எடுத்த படம். அது வேண்டாம் என்பதற்கான அட்டை. எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு மெஹ்ரீனின் இடுப்பில் கட்டினார்கள். பள்ளியில் கடிப்பது நின்றது. வீட்டில் மட்டும் நிற்கவில்லை. பையை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறார் கலீல் என்று பிறகுதான் தெரிந்தது. கைநீட்டுகிற பை அவர் வீட்டுக்குள் வரக்கூடாதாம்.

நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புஷ்பலதா கேட்காமல் கொள்ளாமல் பல்லாவரம் கிளம்பிவிட்டாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பை இடுப்புல இருக்கட்டும் பாய். நாளைக்கு நீங்க சொல்றதுதான்," என்றாள். விருந்தாளி சொன்னதை மறுக்கிற வழக்கம் கலீலுக்கு இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உபசாரத்தில் இறங்கினார். மெஹ்ரீனின் அம்மா ஷாயிஸ்தா பெரிய டம்ளர்களில் பாதாம் பால் கொண்டுவந்தார். ஏடு மிதக்க, திகட்டத் திகட்டச் சர்க்கரை. புஷ்பலதா ஒரு டம்ளரைக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளுவதற்குள் இன்னொன்றும் முன்னால் வந்துவிட்டது. ஊர் வாய்க்கெல்லாம் பதில் சொல்கிற அவளுக்கே அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை.

கலீல் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனார். "குடி தங்கம். அத்தா குடுக்குறேன்ல?"

மெஹ்ரீனின் தோள் விறைத்தது. இடது கை மேலே எழுந்து வாய்ப்பக்கம் போனது.

புஷ்பலதா பாதி எழுந்துவிட்டாள். ஒரு சத்தம் போட்டால் போதும், கலீல் கை நின்றுவிடும். ஆனால் அப்போது வேண்டாம் என்று சொன்னது இவளாகிவிடும், பிள்ளை இல்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியது அன்றைக்குத்தான்.

எழுந்த கை பாதி வழியில் நின்றது. கீழே இறங்கிப் பைக்குள் போனது. தடவித் தடவி ஒரு அட்டையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தது.

"இன்னா இது? யார் கை?" என்றார் கலீல்.

"வேணாங்குறா பாய்."

"கொழந்தைக்கு இன்னா தெரியும்!" அவர் மறுபடி டம்ளரை எடுத்தார். மெஹ்ரீன் அட்டையை எடுத்து மறுபடி அவர் உள்ளங்கையில் வைத்து, இந்தத் தடவை அவர் விரல்களையும் தானே மடக்கி அழுத்தினாள்.

புஷ்பலதாவின் குரல் எழும்பவே இல்லை, கெஞ்சலாகத்தான் வந்தது. "பாய், கீழ வெச்சிடுங்க. கை நீட்டி வாங்குறது வேற, இது வேற. இன்னிக்கி வெக்கலன்னா இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லமாட்டா."

கலீல் டம்ளரைக் கீழே வைத்தார். மெஹ்ரீனின் தோள் தளர்ந்தது. மணிக்கட்டு வாய்க்குப் போகவில்லை. அவள் பாட்டுக்கு உட்கார்ந்து கால்களை ஆட்டினாள்.

கலீல் அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தழும்புகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இத சொல்லத்தானா தங்கம்? இம்மாம் வருசமா இத சொல்லத்தான் கடிச்சிக்கினு கெடந்தியா?"

அடுக்களை வாசலில் ஷாயிஸ்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அழுவுறாளே, இன்னும் பசி போலன்னு நான் ரெண்டாவது டம்ளரு ஊத்துவேனே…"

புஷ்பலதா தன் முன்னால் இருந்த இரண்டாவது டம்ளரை மெல்லத் தள்ளிவைத்தாள், இந்தத் தடவை யாரும் அதைத் திருப்பி நகர்த்தவில்லை. கலீல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப உனக்கு இன்னாதான் வேணும், சொல்லு."

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் காத்திருந்தார். புஷ்பலதாவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை, மகளின் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மெஹ்ரீன் பைக்குள் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். கலீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

"தண்ணிங்குறா ஷாயிஸ்தா! வெறும் தண்ணி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.